ஏர்கூலரை மூலையில் தள்ளும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் ஓய்ந்து, வேலூர்ப் பக்கம் மாலை வேளைகளில் இடியோடு மழை இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்று மாதமாக இரவும் பகலும் ஓடிய ஏர்கூலரை மாடிப்படிக்கு அடியிலோ வராந்தாவின் மூலையிலோ தள்ளிவைக்கும் காலம் இது. கூலர் பராமரிப்பு பற்றிய குறிப்புகள் எல்லாம் மாசி, பங்குனியில்தான் நம் கண்ணில் படுகின்றன. வெளியே எடுக்கும்போது செய்கிற சுத்தத்தைவிட, உள்ளே வைக்கும்போது செய்கிற சுத்தமே முக்கியம் என்பதை என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் கூலரின் அடியில் உள்ள மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி வராந்தாவில் நிறுத்தினோம். முழுக்க வடிந்துவிட்டது என்றே நம்பினோம். ஐப்பசியில் வீடு வீடாக வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் தாளை விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். வடிகால் துளைக்குக் கீழே தங்கிய நீரோடு மழைச் சாரலும் சேர்ந்து, தொட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் தலைகீழாகத் தொங்கியபடி கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. எண்பது வயதுத் தாயார் எங்கள் வீட்டில். கைக்குழந்தை அடுத்த வீட்டில். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரே அதற்குப் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் அது முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும் என்று அந்தப் பணியாளர் பொறுமையாக விளக்கினார். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு தொட்டியின் நான்கு சுவர்களையும் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக மாற நம் வெயிலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், கூலர் ஓடும் மாதங்களிலும் வாரம் ஒரு முறை இதைச் செய்வது அவசியம்.

அடுத்தது உப்பு. மண்பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்போம். கூலரிலும் அதுவே நடக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது, அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. அதன் மேல் புதிய தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், தொட்டி நீர் நாளுக்கு நாள் கடினமாகிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரு கோடைக்குள், காற்றைக் குளிர்விக்க நீரில் நனையும் பக்கத் தட்டியான பேட் முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, மேலிருந்து நீர் சொட்டும் குழாயின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டன. துடைப்பத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்ட பிறகுதான் பேட் சீராக நனைந்தது. எலுமிச்சை உப்போ (சிட்ரிக் அமிலம்) வினிகரோ கலந்த தண்ணீரில் பம்பையும் தொட்டியையும் சிறிது நேரம் ஊறவிட்டால் படிவு இளகிவிடும். ஆனால் அதனுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். மூடிய குளியலறையில் வைத்துக் கழுவுவோர் இதை மறக்கவே கூடாது.

இந்த ஆண்டு நாங்கள் கூலரைக் கட்டிவைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியைக் காலிசெய்து, பம்பை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் அரை நாள் ஓடவிட்டதில் பேட்கள் உலர்ந்தன. அதன் பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்களைக் கழற்றினோம். தேன்கூட்டு பேட்களை மெதுவாக விழும் நீரில் அலசி நிழலில் காயவைத்தோம். கடினமான பிரஷ் போட்டால் அவை பிய்ந்துவிடும். நார் பேட்களாக இருந்தால், நாறத் தொடங்கியவற்றை எறிந்துவிட்டு அடுத்த கோடைக்குப் புதிதாக வாங்குவதே நல்லது. கூலரை ஒரு பக்கமாகச் சாய்த்து மிச்ச நீரையும் வடித்து, துணியால் ஒற்றியெடுத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டோம். பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் பழைய பருத்திப் புடவையால் மூடி, இம்முறை சாரல் எட்டாத அறைக்குள் வைத்திருக்கிறோம்.

இரும்பு உடல் கொண்ட கூலர் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாதனம் இது. எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் அதைச் செருகவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே குடத்தால் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். எங்கள் கூலருடன் வந்த கையேட்டில் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. தமிழ்நாட்டில் விற்கும் கூலர்களுக்குப் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழிலும் அச்சிட்டுத் தருவதை நிறுவனங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள், ஐப்பசி மழையில் புழுவைத் தேடி வருவதற்கு முன்பே, கூலர்கள் ஓய்வுக்குப் போகும் ஆனி மாதத்தில் வீடுகளுக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.