வெள்ளலூர்க்காரர்கள் லாரியை மறிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வருகிறது. இந்த ஆண்டும் பூங்காவில் 20 மரக்கன்று நடுவது, வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவது என்று பேசிவைத்திருக்கிறீர்களாம். போன ஆண்டு நட்டதில் 3 கன்றுதான் மிச்சம். அதில் ஒன்று நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. சொல்லிக்காட்டுவதற்காகத்தான் சொல்கிறேன். இம்முறை அந்தப் பணத்தை, கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்கு லாரியில் போகும் நம் சமையலறைக் குப்பையை இங்கேயே உரமாக்கும் தொட்டிகளுக்குத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கேரளத்து ஆலப்புழை என்றால் நமக்குப் படகுவீடு. ஆனால் இந்த யோசனை எனக்கு வந்ததும் அங்கிருந்துதான். அந்த நகரத்துக் குப்பை நெடுங்காலம் பக்கத்து ஊராட்சியான தெற்கு மாராரிக்குளத்தின் சர்வோதயபுரத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தில் வாழ்ந்து சலித்த அந்த ஊர் மக்கள் ஒரு கட்டத்தில் லாரிகளை மறித்துவிட்டார்கள். குப்பை நகரத்துத் தெருக்களிலேயே குவிந்தது. அந்த நெருக்கடியில், 2012-இல், பிறந்ததுதான் ‘நிர்மல பவனம் நிர்மல நகரம்’ திட்டம். அப்போது அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் அதை முன்னின்று நடத்தினார். மட்கும் குப்பையை அது உண்டாகும் இடத்திலேயே முடித்துவிடுவது என்பதுதான் மொத்தத் திட்டமும். வீட்டில் இடமிருந்தால் பயோகேஸ் கலனோ, குழாய்க்குள் குப்பையைப் போட்டு மட்கவைக்கும் குழாய் உரமோ. இல்லாதவர்களுக்குத் தெருப்பக்கம் பொதுத் தொட்டி. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒசாகா, பினாங்கு போன்ற நகரங்களோடு ஆலப்புழையையும் சேர்த்துப் பாராட்டியது.

எனக்கு ஆசை வந்தது அந்தப் பொதுத் தொட்டியின் மேல். திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான முறை அது. நீளம், அகலம், உயரம் எல்லாம் 4 அடி. சுவர்ப் பலகைகளுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி. அடியில் அரையடிக்குப் பச்சைச் சாணம், அதன் மேல் காய்ந்த சருகு, அதன் மேல் சமையலறைக் குப்பை. மறுபடி சாணம், சருகு, குப்பை. நிறைந்ததும் விட்டுவிட வேண்டும், கிளற வேண்டியதில்லை. உள்ளே சூடு ஏறி, சுமார் 90 நாளில் உரமாகிவிடும். காற்றோட்டம் இருப்பதால் நாற்றமில்லை. ‘வீட்டு மதிப்பு குறைந்துவிடும்’ என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கப்போகும் நண்பருக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இதற்கும் பருவநிலைக்கும் என்ன தொடர்பு என்றால், எல்லாம் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. அதே வாழைப்பழத்தோலும் பழைய சோறும் குப்பை மலைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தீப்பிடித்தாலும் எளிதில் அணையாது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தது நமக்குச் செய்தி, அங்கே குடியிருப்பவர்களுக்கு மூச்சுத்திணறல். குப்பையை ஆலப்புழை மாதிரி கையாள்வது கேரளத்துக்காரர்களுக்குப் பிறவிக் குணம் என்றும் தள்ளிவிட முடியாது. அதே கேரளத்தில், கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் எரிந்தது. கொச்சி குப்பையை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆலப்புழைக்கோ அனுப்ப இடமில்லாமல் போயிருந்தது.

நம் லாரியை வெள்ளலூர்க்காரர்கள் இன்னும் மறிக்கவில்லை. அது அவர்கள் பொறுமை, நம் சாமர்த்தியம் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பம்ப் அறைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் இடத்தில் 4 தொட்டிகள் வையுங்கள். மூன்று மாதம் பார்ப்போம். சரிவராவிட்டால் நாற்காலிகளை நானே திரும்பக் கொண்டுவந்து போடுகிறேன். கூட்டி எரிக்கிறோமே, அந்தச் சருகைச் சாக்கில் கட்டிவைத்தால் போதும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தூய்மைப் பணியாளர் அம்மாவின் தலையில் இலவசமாகக் கட்டக் கூடாது. அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும்; வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒரு காப்பிச் செலவுதான். பிளாஸ்டிக் கலந்த பையோடு யாராவது வந்தால் திருப்பி அனுப்புவதற்குக் காலை 7 மணிக்கு நான் அங்கே நிற்கிறேன். என் வீட்டுப் பையானாலும் திருப்பி அனுப்புவேன், மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

பின்தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் சாணத்துக்கும் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருக் குடியிருப்பாளர்