நீர்வர்ணப் படத்தில் ஈரத்துணி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் பழைய நீர்வர்ணப் படம் ஒன்று இருக்கிறது. வெனிஸ் நகரத்து வாய்க்கால். இரு பக்கமும் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பும் வீடுகள், நடுவில் கறுப்பு ஓடம், பின்னால் நின்றபடி துடுப்பு வலிக்கும் ஒருவர். மூலையில் பென்சிலால் ‘லேடி’ என்று தொடங்கும் கையொப்பம், மிச்சம் அழிந்துவிட்டது. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இலிகிதராக இருந்த அப்பப்பாவுக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்தபோது அம்மா சட்டத்தையும் கண்ணாடியையும் விட்டுவிட்டு, படத்தை மட்டும் சேலைக்குள் வைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார்.

அப்படித் தப்பிய படம் போன மாதம் படச்சட்டம் போடும் ஒரு கடையில் பழுதாகிவிட்டது. கடையின் பெயர் வேண்டாம். அந்தத் தம்பி நல்லெண்ணத்தில்தான் தூசியை ஈரத்துணியால் துடைத்தார். ஓடத்தின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்த இடம், உள்ளங்கை அகலத்துக்கு, துணியோடு வந்துவிட்டது.

நீர்வர்ணத்தில் நிறத்தூளைத் தாளில் பிடித்து வைத்திருப்பது வேலம்பிசின் வகைப் பிசின். எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். வெள்ளையும் பெரும்பாலும் பூசுவதில்லை. வாய்க்காலில் மினுங்கும் வெளிச்சம் என்று நாம் பார்ப்பது வெறுந்தாள். பின்னுக்கு மட்டமான அட்டை வைத்துப் பசை தடவினால் அமிலம் ஏறித் தாள் பழுத்துவிடும், அந்த மினுக்கமும் போய்விடும்.

வெயிலும் பொல்லாதது. எங்கள் படத்தில் வானம் இளஞ்சிவப்பு. மாலை நேரம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பழைய சட்டம் மறைத்திருந்த விளிம்பைப் பார்த்தால் அதே வானம் சாம்பல் நீலம்! அவுரி நீலம் வெளிச்சத்தில் மங்கி, கூடக் கலந்த காவிச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெளிச்சத்தில் அவுரி நிற்காது என்பதை ரசல், அப்னி என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் 1888இலேயே சோதித்து எழுதிவிட்டார்கள்.

‘லேடி’ என்றால் பிரபு குடும்பத்துப் பெண், பொழுதுபோக்குக்கு வரைந்ததுதானே என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். அப்படிப்பட்ட பெண்கள் பலர் ஆசிரியர் வைத்து முறையாகப் படித்தவர்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங் பிரபுவின் மனைவி சார்லட் தீட்டிய படங்கள் லண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விற்பதற்காக வரையவில்லை, அவ்வளவுதான். முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவள் சொல்கிறேன்: எங்கள் படத்தை வரைந்தவர் வாய்க்கால் தண்ணீரை ஒரே வீச்சில் இட்டுவிட்டு, மேலே திரும்பக் கை வைக்காமல் விட்டிருக்கிறாரே, அது இலேசில் வராது. அழிந்த இடத்தை என்னையே தீட்டச் சொல்லி மகள் கேட்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தும், பிறகு இடம்பெயர்ந்தும் இழந்தது போக, வீடுகளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிப்பிக்கிறார்கள். அவர்கள் வருடத்தில் ஒரு நாளாவது சட்டம் போடுகிறவர்களை அழைத்து, பழைய தாளையும் படத்தையும் கையாளும் முறையைக் காட்டித்தர வேண்டும் என்று கேட்கிறேன். அதுவரை, படத்தை வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி தாளில் முட்டாமல் இடையில் மவுண்ட், அதாவது நடுவில் வெட்டிய அட்டை, வைக்கச் சொல்லுங்கள். கடைக்குக் கொடுத்தால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
கொக்குவில்.