எங்கள் வீட்டில் அன்று யாரும் சாமி பெயரை எடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தன்பாலினத் திருமணத்துக்கு நம் நாட்டில் இவ்வளவு எதிர்ப்பு இருப்பதற்கு மதம்தான் காரணம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். அதனால் கோபம் வந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி எங்கள் வீட்டிலேயே பொய்யாகிப் போனதைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் என் அக்கா மகன், தனக்குப் பெண் பார்க்க வேண்டாம், பெங்களூரில் தன்னோடு தங்கியிருக்கும் நண்பனோடுதான் வாழப்போகிறேன் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், கடவுள் மறுப்பாளர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றி அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர். அன்றைக்கு ராத்திரி அந்தக் கூடத்தில் என்னென்ன பேச்சு வந்தது என்று எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. தங்கச்சிக்கு இனிமேல் யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள், நம்ம ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பது, வீடும் நிலமும் யாருக்குப் போகும், ஒரே ஆண் பிள்ளை, வம்சம் என்ன ஆவது. பாவம் என்றோ சாஸ்திரம் என்றோ ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மாமாதான் எல்லோரையும்விட அதிகமாக எதிர்த்தார், எதிர்த்துவிட்டு விடிய விடிய அழுதார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, அவர் பயந்தது எதற்கு என்றும் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவரும் மதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும் என்றார். இப்படி 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பது கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டிருந்தது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அந்த வழக்கு மதுரையிலிருந்து தப்பித்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களுடையது. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதியவர் அவர். அந்த டாக்டர் சொன்னபடி எங்கிருந்தோ ஒரு அப்பாவிப் பெண்ணைக் கொண்டுவந்து கட்டி வைத்திருந்தால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

மத அமைப்புகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2009ல் தில்லி உயர் நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377வது பிரிவைத் தளர்த்தியபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒரு ஜோதிடர் இருந்தார், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் இருந்தது, கிறிஸ்தவ சபைகளின் அமைப்புகளும் இருந்தன. மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒரே பக்கம் நின்று 2013ல் ஜெயித்தார்கள். 2018ல் அந்தத் தீர்ப்பு மாறும் வரை ஐந்து வருடம் எத்தனை பிள்ளைகள் குற்றவாளிகள் என்ற பெயரோடு வாழ்ந்தார்கள். அந்தப் பழி அவர்களைச் சேர வேண்டியதுதான். அதே 377ஐ 1860ல் கொண்டுவந்தது வெள்ளைக்கார அரசாங்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17ல் கொடுத்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. தன்பாலின ஜோடிகள் சேர்ந்து வாழ்வதற்காவது சட்டத்தின் அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கவுல் என்ற இரண்டு பேர், மற்ற மூன்று பேர் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கில் முக்கியமாகக் கேட்டது 1954ஆம் வருடத்து சிறப்புத் திருமணச் சட்டத்தின்படிதான், அது எந்த மதச் சடங்கும் கேட்காத சட்டம். மத்திய அரசு சொன்னது இந்தியக் குடும்பம் என்ற அமைப்பைப் பற்றியும், இது நகரத்து மேல்தட்டு மக்களின் எண்ணம் என்பதைப் பற்றியும். மாநிலங்களைக் கேட்டபோது ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் மூன்றும் வேண்டாம் என்று எழுதின, அப்போது மூன்றிலும் மூன்று வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி.

வெளிநாட்டையும் பாருங்கள். கத்தோலிக்க நாடான அயர்லாந்தில் 2015ல் மக்களிடமே வாக்கு கேட்டு 62 சதவீதம் பேர் ஆதரவோடு சட்டம் வந்தது. மதமே வேண்டாம் என்கிறவர்கள் பெருவாரியாக இருக்கும் செக் குடியரசில் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்துகொண்ட தன்பாலின ஜோடிகளுக்கு உரிமைகள் கூடியிருக்கின்றன, ஆனால் திருமணம் என்று அதைச் சொல்ல இன்னும் சட்டம் இல்லை. சீனாவில் ஆளுகிற கட்சியே நாத்திகக் கட்சி, அங்கேயும் இல்லை. பௌத்த நாடான தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயில் பூசாரி திருநங்கைகளுக்குத் தாலி கட்டுகிறார். திருநங்கைகள் பெண்கள், அது வேறு விஷயம் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட எத்தனையோ பேருக்கு அந்தக் கோயில்தான் ஒரு நாளாவது இடம் கொடுக்கிறது. தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிய மறுத்தது பதிவு அலுவலகம். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019ல் மதுரைக் கிளை நீதிபதி சுவாமிநாதன் சொன்ன பிறகுதான் அது பதிவானது.

எல்லாவற்றுக்கும் மதம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் சாதி, சொத்து, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்றம் எல்லாம் தப்பித்துக்கொள்ளும். மாமாவின் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, ஏற்கனவே நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார். எந்த மதமும் குறுக்கே வந்து அதைத் தடுக்க முடியவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 2022ல் மக்களவையில் மகாராஷ்டிர உறுப்பினர் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், 2024ல் அந்த மக்களவை கலைந்ததோடு அது காலாவதியாகிவிட்டது. திருநங்கையர் உரிமைக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து 2015ல் நிறைவேற்றிக் காட்டிய திருச்சி சிவாவின் மாநிலம் இது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தன்பாலினத் திருமண விஷயத்தில் எந்தப் பக்கம் என்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வருடம் அந்த நண்பனுக்கு அவசரமாக ஒரு ஆபரேஷன். சம்மதப் படிவத்தில் அக்கா மகன் கையெழுத்துப் போடக் கூடாது, ரத்த சொந்தம் யாராவது வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா அப்பா பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வேலூரிலிருந்து அவனுடைய சித்தப்பா ஒருவர் வந்து சேர ஆறு மணி நேரம் ஆனது. அதுவரை எங்கள் பிள்ளை வராந்தாவில் நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்