மொக்கைக்கும் அகராதியில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிவாள் மழுங்கினால் எங்கள் வீட்டில் 'மொக்கையாகிவிட்டது' என்போம். வேலியில் தலை மாட்டி விழிக்கும் ஆட்டின் படத்தைக் கைபேசியில் பார்த்த என் பேத்தி, "மொக்கை மீம், தாத்தா" என்கிறாள். சிரிப்பு வராததற்கு அந்தப் பெயராம். 'கடி'யும் அப்படித்தான் மாறியது. சரி, இதனால் தமிழ் கெட்டுவிடாது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே! 'மீம்' என்பதே 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஆளுக்கு ஆள் பரவும் கருத்துக்கு வைத்த பெயர், படத்துக்கு அல்ல.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. இனி அகராதி செய்வோர் அரிவாளின் மொக்கையையும் பேத்தியின் மொக்கையையும் அருகருகே அச்சிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.