ஆண்டறிக்கை 2024–25: நம் ஆசிரியர் சங்கம், சேலம்

பொதுக்குழுவுக்கு வணக்கம்.

செயற்குழு ஆடித் திருவிழா மாதம் தவிர மாதந்தோறும் கூடியது. ஆசிரியர் தினம், பணி நிறைவுப் பாராட்டு, ஏற்காடு சிற்றுலா வழக்கம்போல் நடந்தன.

இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி, சாதி, மத வெறுப்பைப் பற்றி வகுப்பில் எப்படிப் பேசுவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லும் வகுப்பறை உரையாடல் பயிற்சிக்குப் போனது. ஜெராக்ஸுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கப்பட்டதால் விரிவாகவே சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனைச் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டிய சாதிக் கயிற்றை அவிழ்க்க ஒரு சுற்றறிக்கை போதும். மனசில் கட்டியதைப் பேச ஆசிரியர்தான் வகுப்பில் நிற்க வேண்டும். எப்படிப் பேசுவது என்று பி.எட்.டில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த விஷயத்துக்குப் பட்டிமன்றம் வேண்டாம் என்பதே நாங்கள் முதலில் கற்றது. அணி பிரிந்ததும் பிள்ளைகள் ஜெயிக்கத்தான் பேசுவார்கள்; கைதட்டு கிடைக்கிற பக்கம் குரல் ஏறும். நாற்பது பேர் வகுப்பில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி, ஒரே எண் வந்த நால்வரைச் சேர்த்து உட்கார வையுங்கள். பெஞ்சு வாரியாகப் பிரித்தால் தெரு வாரியாகப் பிரித்ததாகிவிடும்.

அடுத்தது கேள்விச் சீட்டு. அரைத்தாள், பெயர் கிடையாது. கேள்வி இல்லாதவர்களும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதி மடித்துப் போட வேண்டும்; இல்லாவிட்டால் யார் எழுதுகிறான் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். டப்பாவை அங்கேயே திறக்காதீர்கள். வீட்டில் படித்து, மறு வகுப்பில் உங்கள் சொற்களில் கேளுங்கள். கையெழுத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் பாடத்துக்குப் பாடநூல் முன்பக்கமே போதும். தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று மூன்று வரி. தினம் கண்ணில் பட்டும் யாரும் படிக்காதவை. பாவம் என்பது யார் பேச்சு, குற்றம் என்பது யார் பேச்சு என்று கேட்டால் கோயில், கோர்ட் என்று பதில் வரும். மூன்றாவது வரிக்கு வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை ஆசிரியர் பேசி நிரப்பக் கூடாது. அரசமைப்பின் 17ஆம் பிரிவை இங்கே வாசிக்கலாம். கட்சி, தேர்தல் என்று வந்தால் நடுநிலை வேண்டும், தீண்டாமையில் வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம், 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய பொய் வீடியோக்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, பார்த்ததும் யார்மேல் கோபம் வர வேண்டுமென்று அனுப்பினார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

அதிகம் நேர்ந்த தவறு இது: செய்தியில் ஒரு மதத்தின் பெயர் அடிபட்டதும், வகுப்பிலுள்ள அந்த மதத்துப் பிள்ளையிடம் “நீ என்னப்பா சொல்ற?” என்று கேட்பது. அன்பாகத்தான் கேட்கிறோம். அவனோ அந்த நொடியில் கூண்டில் ஏற்றப்பட்டவனாகிவிடுகிறான். யாராவது இழிசொல் சொன்னால் அடிக்கவும் வேண்டாம், காதில் விழாததுபோல் இருக்கவும் வேண்டாம். “அந்தச் சொல் இங்கே வேண்டாம், நீ சொல்ல வந்தது என்ன?” என்று கேளுங்கள். கடைசிப் பீரியடில் இந்தப் பாடத்தை வைக்காதீர்கள். பாதியில் மணி அடித்தால் மீதிச் சண்டை பஸ் ஸ்டாண்டில் நடக்கும்.

பக்தியோ தொழுகையோ கூடியது தீவிரவாதம் ஆகாது. அடுத்தவன் இங்கே வாழக் கூடாது, அடித்தால் சரி என்று பேச்சு மாறினால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் தனியே பேச்சு, பிறகு தலைமையாசிரியர். 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டும் நம் பாட அட்டையின் பின்புறம் உள்ளன.

மூன்று சனிக்கிழமைப் பயிற்சிகளுக்கும் ஏற்காட்டு ஆசிரியர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தார்கள். அஸ்தம்பட்டியிலும் சூரமங்கலத்திலும் இருப்பவர்கள் பலர் வரவில்லை. வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியது. உறுப்பினர்களில் பாதிப்பேர் சந்தா பாக்கி. மண்டபம் தந்த தலைமையாசிரியருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக்கான அட்டை தயாராக இருக்கும். அச்சடிக்கப் பணமும், பள்ளிக்கு ஒருவராக நடத்த ஆளும் வேண்டும். பெயர் எழுதும் நோட்டும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில், மதியச் சாப்பாடு முடியும்வரை இருக்கும்.

செயலாளர்