செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பொதுக் கூண்டில் ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பறவை வளர்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தீனிச் செலவு ஏன் கூடியது என்று கேட்பவர்கள் அவரைக் கேட்கலாம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி, பல இனப் பறவைகளை ஒன்றாக விடும் பொதுக் கூண்டைப் பற்றித்தான். இந்த ஆண்டு நாம் செய்த வேலையும் அதுதான், போட்ட சண்டையும் அதைப் பற்றித்தான்.

நம் உறுப்பினர் ஒருவர் தம் மொட்டை மாடியைத் தந்தார். 12 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் கூண்டு அடித்தோம். பின்ச் என்னும் விதை தின்னும் சிறு குருவிகளோடு வேறு எதையெல்லாம் சேர்த்து விடலாம் என்பது கேள்வி. ஆளுக்கொரு பட்டியலோடு வந்தார்கள். எது எதோடு சேரும் என்று பெயர்களை வைத்தே மூன்று கூட்டங்கள் பேசினோம். அந்தப் பறவை எங்கே உட்காரும், எங்கே தூங்கும், எந்த உயரத்தில் கூடு கேட்கும் என்று ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

முதலில் நான்கு ஜோடி ஜீப்ரா பின்ச் விட்டோம். ஜீப்ரா சாது, தொடங்குபவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வோம். சாதுதான், கூடு வைக்கப் பானை மாட்டும் வரைக்கும். ஐந்து பானைகளைக் கையில் கிடைத்த இடத்தில் மேலும் கீழுமாகக் கட்டியது என் வேலை. கூரைக்கு அடியில் இருந்த ஒரே ஒரு பானைக்கு நான்கு ஆண்களும் மோதிக்கொண்டன. கீழே இருந்தவை காலியாகவே கிடந்தன. குருவிக்கு உயரமான இடம்தான் பாதுகாப்பான இடம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. பிறகு ஜோடிக்கு இரண்டு பானை என்று எட்டாக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் இடைவெளி விட்டு மாட்டினோம். ஒரே வாரத்தில் சண்டை பாதிக்கு மேல் அடங்கியது.

அப்புறம் தேங்காய் நார். தாராளமாகப் போட்டு வைத்தோம். நார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஜீப்ரா கூடு கட்டுவதை நிறுத்தாது. இட்ட முட்டைகள் மேலேயே நாரை அடுக்கி, அதன்மேல் மறுபடி முட்டையிட்டது ஒரு ஜோடி. பானையைப் பிரித்தபோது அடியில் நான்கு, மேலே மூன்று. கூடு முடிந்ததும் மிச்ச நாரை எடுத்துவிட வேண்டும் என்பதை இப்போது கூண்டுக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அடுத்து வந்தவை பெங்காலீஸ். பெயரைப் பார்த்து வங்காளத்துப் பறவை என்று நினைக்க வேண்டாம். காட்டில் இப்படி ஒரு பறவையே கிடையாது. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானியர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கியது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆண் மட்டும் பாடும். மூன்று ஜோடி என்று ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தோம். பத்து நாளில் ஐந்து பறவைகள் பாடின. ஆக நம்மிடம் இருப்பது ஒரு ஜோடியும் நான்கு பிரம்மச்சாரிகளும்.

பெங்காலீஸ் யாரையும் கொத்தாது. அதன் தொல்லை வேறு விதம். அதற்குத் தனியாகத் தூங்கப் பிடிக்காது. எங்கே இன்னொரு பறவை படுத்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஆடியில் ஓர் உறுப்பினர் அன்பளித்த இரண்டு ஜோடி கோல்டியன் பின்ச்களை இதே கூண்டில் விட்டோம். கோல்டியன் ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் காட்டில் மரப்பொந்தில் கூடு வைக்கும் பறவை, அதனால் மரப்பெட்டி வைத்தோம். ஒரு ஜோடி ஐந்து முட்டை இட்டது. மறுநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்டிக்குள் நான்கு பெங்காலீஸ் நெருக்கியடித்துப் படுத்திருக்கின்றன, கோல்டியன் பெண் வெளியே குச்சியில் உட்கார்ந்திருக்கிறது. முட்டைகள் ஆறிப்போயின. கோல்டியன் முட்டைகளைப் பொரிக்க வைக்கப் பலர் வளர்ப்புத் தாயாகப் பயன்படுத்துவதும் இதே பெங்காலீஸைத்தான் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இங்கே சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒரு சிறகுகூட உதிரவில்லை. ஆனாலும் முட்டை போனது. 'இவை சேருமா' என்று கேட்டால் 'அடித்துக்கொள்ளாது' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தப் பதில் போதாது.

கோல்டியனுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. தீனித் தட்டு ஒன்றுதான். ஜீப்ராக்கள் அதில் உட்கார்ந்து 'பீப் பீப்' என்று அதட்டிக்கொண்டே தின்னும். கோல்டியன் எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிப்போய் மூலையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தே இளைத்துவிடும் என்பதை, கையில் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டோம். எதிர்முனையில் இரண்டாவது தட்டு வைத்தோம், கொஞ்சம் தேறின. ஆனாலும் கார்த்திகையில் கோல்டியன்களைத் தனிக் கூண்டுக்கு மாற்றுவதாகச் செயற்குழு முடிவெடுத்தது. அழகான பறவையை எல்லோரும் பார்க்கும் கூண்டிலிருந்து எடுத்துவிட்டீர்களே என்று சிலருக்கு வருத்தம். எனக்கும்தான்.

நல்லபடியாகச் சேர்ந்தது டயமண்ட் டவ் என்ற சிறு புறா. விரற்கடை அளவுகூடச் சண்டை இல்லை. காரணம் எளிது. ஜீப்ரா மேலே வாழ்கிறது, டயமண்ட் டவ் தரையில் நடந்து பொறுக்குகிறது. பானையை அது திரும்பிக்கூடப் பார்க்காது, ஒரு சிறு தட்டில் நான்கு குச்சி இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் இரண்டும் அக்கம்பக்கமாக வாழ்பவை. ஒரு ஜோடிதான் விட வேண்டும், இரண்டு ஆண் புறாக்கள் ஒன்றையொன்று விரட்டும். குச்சிகளுக்கு நேர் கீழே தீனி வைக்கக் கூடாது, எச்சம் முழுக்க அதில்தான் விழும். இரவில் பூனை மாடிக்கு வந்தால் புறா மிரண்டு செங்குத்தாக எழும்பிக் கூரையில் மோதுகிறது. சின்ன விளக்கு ஒன்று போட்ட பிறகு அது குறைந்தது.

இனி நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம். மார்கழியில் ஓர் உறுப்பினர் வெளியூர் போவதாகச் சொல்லி ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊரில் பட்ஜி என்ற சின்னக் கிளியைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு வாரம்தானே என்று பொதுக் கூண்டில் விட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஜீப்ரா கால் விரல் இல்லாமல் தொங்கியது. பின்ச்கள் கம்பி வலையைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் உள்ளவை. பட்ஜிக்கு அந்த விரல் கடித்துப் பார்க்க வேண்டிய ஒரு பொருள், அவ்வளவுதான். அதன் மேல் தப்பில்லை. வளைந்த மூக்கு எதுவும் இனி அந்தக் கூண்டுக்குள் வராது. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஜாவா குருவியைச் சேர்க்கலாமா என்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். ஜீப்ரா சுமார் 12 கிராம், ஜாவா அதைப்போல் இரண்டு மடங்கு, மூக்கும் தடிமன். நம் கூண்டின் நீளத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. தவிர, ஜாவா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள பறவை. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு அப்படிப்பட்ட பறவைகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஜாவா வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்ட்ராபெரி பின்ச் என்று மலிவாக வருவது நம் நாட்டுச் சிவப்புச் சில்லை. புள்ளிச் சில்லைக்குச் சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பதும் உண்டு. இவை காட்டில் பிடித்தவை, 1972 வனவிலங்குச் சட்டப்படி வைத்திருக்கக் கூடாதவை. சங்கக் கூண்டில் சேர்க்கச் சொல்லி இந்த ஆண்டு இருமுறை கேட்டார்கள், இரண்டு முறையும் மறுத்தோம். பட்டன் காடையின் காட்டினமும் இந்தியாவில் உண்டு என்பதால் தரைக்குக் காடை விடும் யோசனையையும் கைவிட்டோம்.

புதுப் பறவைகளை 30 நாள் தனியே வைப்பது என்ற விதி ஏற்கனவே உண்டு. அன்பளிப்பாக வந்தவற்றுக்கு அதைக் கடைப்பிடிக்கவில்லை, முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம். இரவில் கூண்டுப் பக்கம் நின்றால் 'டிக் டிக்' என்று மூச்சு கேட்டது: காற்றுப்பைச் சிலந்திப்பூச்சி, அதாவது மூச்சுப் பாதையில் தங்கும் நுண்ணிய ஒட்டுண்ணி. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் சொட்டு கொடுத்தார். இரண்டு பறவைகளை இழந்தோம். இனி யார் கொடுத்தாலும் 30 நாள்தான்.

தீனி: தினை முக்கியம், சாமையும் கனேரி விதையும் கலப்பு, முருங்கைக்கீரை, வாரம் இருமுறை அவித்த முட்டை. நாட்டு மருந்துக் கடைக் கடல் நுரை (கணவாய் ஓடு) எப்போதும் தொங்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். கூண்டுக்கு இரட்டைக் கதவு, ஏனென்றால் இரண்டு ஜீப்ராக்கள் பறந்துபோயின. பெங்காலீஸுக்குத் தனிக் கூண்டு. புதிய இனம் எது வந்தாலும் கூடு, உயரம், தீனி மூன்றையும் எழுதித் தந்த பிறகே செயற்குழு பரிசீலிக்கும் என்ற தீர்மானம்.

மாடி தந்த உறுப்பினருக்கும், விடிகாலை ஐந்தரை மணி சத்தத்தை ஓராண்டாகப் பொறுத்துக்கொண்ட அவர் அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. இன்று கூண்டில் இருப்பவை: ஒன்பது ஜீப்ரா, ஆறு பெங்காலீஸ், ஒரு ஜோடி டயமண்ட் டவ், அவற்றின் ஒரு குஞ்சு.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்