ரிப்போர்ட் வாங்கிவிட்டேன்

பாம்பன்
27.06.2025

கலாவுக்கு,

இரண்டு மாதமாக என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். திட்டுவதை முழுக்கப் படித்துவிட்டு வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கேயும் நலம். பையனுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு.

உன் நாத்தனாருக்கு ஸ்கேனில் கட்டி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதேதான். மே 20 அன்று ராமநாதபுரத்தில் ஆபரேஷன். இடது பக்கச் சினைப்பையில் 9 செ.மீ. கட்டி. வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் உரித்து எடுத்தார்கள். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ திருப்பூரிலிருந்து அழுதுகொண்டே பஸ் ஏறுவாய், அப்புறம் உன்னைத் தேற்ற ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் 'நீர்க்கட்டி' என்று ஒரே பெயர்தான். மாதவிடாய் தள்ளிப்போகிற பிள்ளைக்கும் நீர்க்கட்டி, எனக்கும் நீர்க்கட்டி. என்னுடையது டெர்மாய்டு. திறந்து பார்த்தால் உள்ளே கொழுப்பு, ஒரு கொத்து முடி, பல் மாதிரி ஒன்று. டாக்டரம்மா காட்டியதை என் வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துவிட்டார். எடுத்ததோடு நின்றாரா? அம்மாவிடம் காட்டினார். அவ்வளவுதான். "வயித்துக்குள்ள முடி எப்படி வரும்? யாரோ வச்சிருக்காங்க" என்று மாமியார் தொடங்கிவிட்டார்கள். முட்டையாகிற செல்லுக்கு உடம்பில் எந்த உறுப்பாகவும் மாறுகிற சக்தி உண்டாம். அது வழிதவறி வளர்ந்தால் முடியும் பல்லும் வருமாம், வயசுப் பெண்களுக்குச் சாதாரணமாக வருகிற கட்டிதானாம். டாக்டரம்மா இப்படிச் சொன்னதை நான் மூன்று தடவை சொன்னேன். மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போய் அங்கேயுள்ள செம்மண் எடுத்துவந்து தையலில் பூசுகிறேன் என்று நின்றார்கள். புண் காய்கிற வரைக்கும் தண்ணீரே நிற்கக் கூடாது என்கிறார்கள், இதில் மண்ணா? கும்பிட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் திருப்தி, புண்ணுக்கும் திருப்தி.

முதல் இரண்டு நாள் வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. வயிற்றுக்குள் ஊதுகிற கேஸ் கொஞ்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற தசையை உறுத்துமாம். வலி தோளில் தெரியுமாம். எழுந்து நடக்க நடக்கக் குறைந்தது. உன் நாத்தனாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் நெஞ்சுவலி என்று வீட்டையே கலக்கிவிடுவாள். வீடு திரும்பும்போது ஒரு தலையணையும் வேண்டும். பாலத்தில் பஸ் ஒவ்வொரு இணைப்பிலும் தூக்கிப்போட்டபோது அதை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். இருமலுக்கும் அதேதான். நடுப்பாலத்தில் புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க நின்ற டூரிஸ்ட் வண்டிகளால் முக்கால் மணி நேரம் நின்றோம். அன்றைக்கு நான் விட்ட சாபம் யார் யாருக்குப் பலித்ததோ.

எடை தூக்காதே என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சரி, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது? நல்லவேளையாக அது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கரையில்தான், அவரும் வீட்டில்தான். ஐந்து குடம் அடுக்கிய வண்டியை அவர் தெருவில் தள்ளிக்கொண்டு போனதை நீ பார்த்திருக்க வேண்டும் கலா! எதிர்வீட்டு அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

இனிமேல்தான் விஷயம். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறோம், ஜூன் 1க்கு மேல் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். நான் போகவில்லை. கேட்டவர்களிடம் பஸ் கூட்டம், பையனின் புத்தகம், தைக்க வந்த துணி என்று ஒவ்வொரு காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்குமோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நம் பெரியம்மா கடைசியில் எப்படி இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். வாங்காத வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு. பதினேழு நாள் அந்தக் கணக்கிலேயே ஓட்டினேன்.

தடை முடிந்து அவர் கடலுக்குப் போனார். 18ஆம் தேதி தண்ணீர் வந்தது, கேட்க ஆள் இல்லை, ஒரு குடம்தானே என்று இடுப்பில் வைத்தேன். அடிவயிற்றில் சுரீர் என்றது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். தசைப்பிடிப்பு, வேறொன்றும் இல்லை. அப்புறம் அங்கிருந்த நர்ஸ், "உங்க ரிப்போர்ட் எத்தனை நாளா இங்கயே கிடக்குது தெரியுமா?" என்று நீட்டினாள். கை நடுங்கியதில் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

புற்று இல்லை. சாதாரணக் கட்டிதான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தச் சின்னப் பெண் தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. இந்த வகைக் கட்டி பத்துப் பேரில் ஒருவருக்கு இன்னொரு பக்கமும் வருவதுண்டாம். அதனால் செப்டம்பரில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷம் ஒரு தடவை. காலண்டரில் வட்டம் போட்டாச்சு. கடலில் இறங்க மட்டும் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

உன் நாத்தனார் வீடு திரும்பியதும் இதைக் கவனி: காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, தையலில் சீழ் வந்தாலோ, வயிற்றுவலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காதே, கூட்டிக்கொண்டு ஓடு. ரிப்போர்ட்டை அவளிடம் விடாதே. நீயே போய் வாங்கு.

நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறேன். இந்த முறை மழைக்கு முன்னாலேயே அனுப்புகிறேன். தெருவில் தண்ணீர் வண்டி சத்தம் கேட்கிறது. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும், குடத்துக்கு ஐந்து ரூபாய் கேட்கிறான் பாவி.

ரெஜி